“செல்லுக்கே சக்தி” தரும் கியூ-10 மாத்திரை: நிஜமா? புருடாவா?

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து சக்தியைக் கூட்டும் என்று சொல்லி ஒரு மாத்திரை விற்பனை ஆகிறது. அதன் பெயர் ‘கோ-என்சைம் கியூ-10’. மருந்துக்கடைகளில் டானிக் பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே அது இடம் பிடித்து உட்கார்ந்து விட்டது.

களைப்பு ஓடிப்போகும், இதயம் பலப்படும், முதுமை தள்ளிப்போகும் என்று அதற்கு ஏகப்பட்ட புகழ். 10 மாத்திரை உள்ள ஓர் அட்டை வாங்க சில நூறு ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். மாதம் 3 அட்டை என்றால் சம்பளக்காரர் வீட்டில் ஒரு வாரக் காய்கறிச் செலவு காலி.

இவ்வளவு காசுக்கு அந்த மாத்திரை வேலை செய்கிறதா?

கடந்த 60 ஆண்டுகளுக்கு மேலாக உலகத்தில் நடந்த ஆராய்ச்சிகளைப் பார்த்தால் விசித்திரமான விடை கிடைக்கிறது. சரக்கு போலி அல்ல. அசல்தான். ஆனால் அதை விற்பதற்குச் சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் அசல் அல்ல!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மாட்டு இதயத்தில் கிடைத்த மஞ்சள் பொருள்

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பிரெட்ரிக் கிரேன் என்ற விஞ்ஞானி 1957-ம் ஆண்டு மாட்டு இதயத்தை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டு இருந்தார். இதயம் ஒரு நிமிடம்கூட ஓய்வு எடுக்காத உறுப்பு. அதற்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவர்கள் தேடிய துப்பு.

இதயச் செல்லில் இருந்து மஞ்சள் நிறமான ஒரு பொருள் தனியாகப் பிரிந்து வந்தது. அதுதான் கியூ-10.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் மார்ட்டன் என்ற விஞ்ஞானியின் குழுவும் இதே பொருளைப் பிடித்துவிட்டது. அவர்கள் வைத்த பெயர் ‘யூபிகுவினோன்’. எங்கும் இருப்பது என்று அர்த்தம். தூணிலும் இருக்கும், துரும்பிலும் இருக்கும் என்பார்களே, அதுபோல மனித உடம்பில் அது இல்லாத திசுவே கிடையாது என்று சொல்லலாம்.

மறு ஆண்டே, அதாவது 1958-ல், மெர்க் மருந்து கம்பெனியின் கார்ல் போக்கர்ஸ் குழு இந்தப் பொருளின் அமைப்பு என்ன என்று கண்டுபிடித்துச் சொன்னது. போக்கர்ஸ் சாதாரண ஆள் இல்லை. 1948-ல் பி-12 வைட்டமினைப் பிரித்து எடுத்த குழுவும் அவருடையதுதான்.

இந்தப் பொருளுக்கு வால்போல ஒரு பகுதி உண்டு. அதில் ஒரே மாதிரியான 10 துண்டுகள் தொடர்ந்து இருக்கின்றன. அதனால்தான் ‘10’ என்ற எண் ஒட்டிக்கொண்டது.

செல்லுக்குள் ஒரு போர்ட்டர்

செல்லுக்குள் இது என்ன செய்கிறது?

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் அப்படியே சக்தி ஆகிவிடாது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ‘மைட்டோகாண்டிரியா’ என்ற குட்டி குட்டி மின்சார நிலையங்கள் இருக்கின்றன. அங்கேதான் சாப்பாட்டின் சத்து, மூச்சில் வரும் ஆக்சிஜனுடன் சேர்ந்து சக்தியாக மாறுகிறது. அந்தச் சக்தியைச் சுமக்கும் பொருளுக்கு ‘ஏ.டி.பி.’ என்று பெயர்.

ஒரு நாளில் ஒருவர் உடம்பில் உண்டாகிச் செலவாகும் ஏ.டி.பி.யை எல்லாம் கூட்டினால், அது ஏறக்குறைய அவருடைய சொந்த எடைக்குச் சமமாக வரும். ஒரே சரக்கு திரும்பத் திரும்ப உபயோகப்படுவதால்தான் இது சாத்தியம் ஆகிறது.

இந்த மின்சார நிலையத்தில் கியூ-10 ஒரு போர்ட்டர். சத்தில் இருந்து பிரிந்து வரும் எலெக்ட்ரான்களை ஒரு பிளாட்பாரத்தில் வாங்கி அடுத்த பிளாட்பாரத்தில் இறக்குவதுதான் அதன் வேலை. போர்ட்டர் இல்லாவிட்டால் சரக்கு அங்கேயே கிடக்கும். சக்தி உண்டாகாது.

செல்லில் சக்தி எப்படி உண்டாகிறது என்பதை விளக்கியதற்காக இங்கிலாந்து விஞ்ஞானி பீட்டர் மிட்செலுக்கு 1978-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்ன விளக்கத்தில் இந்தப் போர்ட்டருக்கு முக்கிய வேடம் உண்டு.

ஆக, ‘செல்லுக்குச் சக்தி தரும் பொருள்’ என்று அட்டைப்பெட்டியில் போடுவது பொய் இல்லை.

ஆனால் இங்கேதான் ஒரு கேள்வி. ரயில் நிலையத்தில் போதுமான போர்ட்டர்கள் ஏற்கனவே நிற்கிறார்கள். வெளியில் இருந்து இன்னும் 100 பேரைக் கொண்டுவந்து விட்டால் ரயில் வேகமாக ஓடுமா? ஓடாது.

கியூ-10 விஷயமும் இதே கதைதான். இது வைட்டமின் மாதிரி வெளியில் இருந்து வந்தே தீரவேண்டிய பொருள் அல்ல. உடம்பே தனக்கு வேண்டியதைத் தயாரித்துக் கொள்கிறது. பிறவிக் கோளாறு காரணமாக இதைத் தயாரிக்க முடியாத குழந்தைகள் மிக அபூர்வமாக உண்டு. அவர்களுக்குப் பெரிய அளவில் கொடுத்தால் பலருக்குப் பலன் கிடைக்கிறது. அங்கே நிஜமாகவே போர்ட்டர் பற்றாக்குறை!

வயதானால் சில உறுப்புகளில் இதன் அளவு குறைவதும் உண்மைதான். விற்பவர்கள் இதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். ஆனால் குறைந்தது என்பது ஒரு விஷயம். மாத்திரை போட்டால் இளமை திரும்பும் என்பது வேறு விஷயம். இரண்டாவதற்கு ஆதாரம் கிடையாது.

ஜப்பானில் வியாபாரம் தொடங்கியது

இதை முதலில் மருந்தாக அங்கீகரித்த நாடு ஜப்பான். இதய நோயாளிகளுக்குக் கொடுக்க 1974-ல் அங்கே அனுமதி கிடைத்தது.

அப்போது இதைத் தயாரிக்கப் புகையிலைச் செடியின் இலையில் இருந்து ஒரு மூலப்பொருளை எடுத்தார்கள். பிறகு 1977-ல் ஈஸ்ட்டை வளர்த்து அதில் இருந்து தயாரிக்கும் முறை பெரிய தொழிற்சாலைக்கு வந்தது. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்தான். சரக்கு மளமளவென்று உற்பத்தி ஆனது.

2001-ல் இதை உணவுப் பொருளாகவும் விற்கலாம் என்று ஜப்பான் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் சீட்டு தேவை இல்லை. அமெரிக்காவில் 1994-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளம். இந்த மாதிரி ஊட்டப் பொருள்களை விற்பதற்கு முன்பு, அது பலன் தரும் என்று அரசாங்கத்திடம் நிரூபிக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

இதய நோயாளிகளுக்கு ஒரு நல்ல செய்தி

இதயம் தளர்ந்துபோய் ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாத நோய் ஒன்று உண்டு. படி ஏறினால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். படுத்தால் இருமல் வரும். கியூ-10 ஓரளவாவது பேர் சொன்னது என்றால் அது இந்த நோயில்தான்.

முதலில் தோல்விதான். அமெரிக்காவில் 55 இதய நோயாளிகளை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2000-ல் வந்தது. 6 மாதம் கொடுத்தும் இதயத்தின் பலத்தில் வித்தியாசம் இல்லை.

பிறகு டென்மார்க் டாக்டர் மார்ட்டென்சன் தலைமையில் பல நாட்டு டாக்டர்கள் சேர்ந்து ஒரு பெரிய பரிசோதனை நடத்தினார்கள். நோயாளிகள் 420 பேர். ஒரு பிரிவுக்கு 100 மில்லிகிராம் மாத்திரை தினமும் 3 வேளை. இன்னொரு பிரிவுக்குப் பார்ப்பதற்கு அதேபோல இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இப்படி 2 ஆண்டுகள் நடந்தது.

2014-ல் முடிவு வெளிவந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 26 பேருக்கு இதயத்தில் பெரிய ஆபத்து ஏற்பட்டது. கியூ-10 சாப்பிட்டவர்களில் 100-க்கு 15 பேர்தான். சாவு எண்ணிக்கையும் 100-க்கு 18-ல் இருந்து 10 ஆகக் குறைந்து இருந்தது.

இந்த முடிவு டாக்டர்கள் மத்தியில் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால் இதில் கவனிக்க வேண்டிய 2 விஷயங்கள் உண்டு.

ஒன்று: அந்த நோயாளிகள் யாரும் வழக்கமான இதய மருந்தை நிறுத்தவில்லை. அதைச் சாப்பிட்டுக்கொண்டே இதையும் சாப்பிட்டார்கள்.

இரண்டு: திட்டமிட்ட அளவு ஆட்கள் கிடைக்கவில்லை. 420 பேரை மட்டும் வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. அதனால்தான் அமெரிக்க இதய டாக்டர்கள் சங்கங்கள் 2022-ல் வெளியிட்ட சிகிச்சை விதிமுறையில், குறிப்பிட்ட ஒரு சத்துக்குறைவு இருந்தால் தவிர, இதயத் தளர்ச்சிக்காக வைட்டமினோ ஊட்டப் பொருளோ சிபாரிசு செய்யவில்லை.

சுவீடன் நாட்டிலும் ஒரு பரிசோதனை நடந்தது. முதியவர்கள் 443 பேரில் ஒரு பிரிவுக்கு 4 ஆண்டுகள் கியூ-10 உடன் செலினியம் என்ற தாதுச்சத்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். இதய நோயால் இறந்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று 2013-ல் முடிவு சொன்னார்கள். ஆனால் அந்த ஊர் மண்ணிலேயே செலினியம் குறைவு. பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நடுக்குவாதத்தில் குப்புற விழுந்தது

கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கு இது கைகொடுக்கும் என்று ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. 2002-ல் வெறும் 80 பேரை வைத்து நடத்திய பரிசோதனையில், தினமும் 1,200 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு நோய் மெதுவாகத்தான் முற்றுகிறது என்று தெரிந்தது. செய்தி பரவியது. மாத்திரையும் பறந்தது.

உண்மையா என்று பார்க்க அமெரிக்காவிலும் கனடாவிலும் 600 பேரைச் சேர்த்தார்கள். 1,200 மில்லிகிராம் ஒரு பிரிவு, 2,400 இன்னொரு பிரிவு, வெற்று மாத்திரை மூன்றாவது பிரிவு.

2011-ல் பரிசோதனையை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் பலனும் இல்லை! தொடர்ந்து கொடுப்பதில் அர்த்தமே இல்லை என்று கணக்கு சொல்லிவிட்டது.

ஹண்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோய்க்கும் இதே கதிதான். 609 பேர் சேர்ந்த பரிசோதனையின் முடிவு 2017-ல் வந்தது. அதிலும் கைவிரிப்புதான்.

80 பேரில் கிடைத்த வெற்றி 600 பேரில் காணாமல் போனது. “ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது” என்று பெட்டியில் போட்டிருந்தால், எத்தனை பேரை வைத்து என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஒற்றைத் தலைவலிக்கு மட்டும் சின்ன நம்பிக்கை உண்டு. 2005-ல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சியில், இதைச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தலைவலி வரும் தடவைகள் பாதியாகக் குறைந்தன. ஆனால் மொத்தமே 42 பேர்தான்.

கொழுப்பு மாத்திரையும் தசை வலியும்

ரத்தக் கொழுப்பைக் குறைக்க ‘ஸ்டாட்டின்’ மாத்திரையைப் பல லட்சம் பேர் தினமும் சாப்பிடுகிறார்கள். உடம்பில் கொழுப்பு தயாராகும் பாதையும் கியூ-10 தயாராகும் பாதையும் ஆரம்பத்தில் ஒன்றுதான். ஸ்டாட்டின் அந்தப் பாதையை அடைக்கிறது. அதனால் ரத்தத்தில் கியூ-10 அளவும் இறங்குகிறது.

ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களில் சிலருக்குத் தசை வலி வருவது உண்டு. கியூ-10 குறைந்ததால்தான் வலி, அதைச் சாப்பிட்டால் சரியாகும் என்று கணக்குப் போட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் தசை வலி என்று சொன்ன 120 பேரை அழைத்தார்கள். எது நிஜ மருந்து, எது வெற்று மாத்திரை என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிஜ மருந்து சாப்பிட்டபோது மட்டும் வலி வந்தவர்கள் 100-க்கு 36 பேர்தான்! மற்றவர்களின் வலிக்கு ஸ்டாட்டின்தான் காரணம் என்று சொல்ல முடியவில்லை.

அப்படி நிஜமாக வலி வந்தவர்களுக்கு கியூ-10 தினமும் 600 மில்லிகிராம் கொடுத்தும் வலி குறையவில்லை. 2015-ல் வந்த முடிவு இது. வேறு சில சின்ன ஆராய்ச்சிகள் வலி குறைந்ததாகவும் சொல்கின்றன. வழக்கு இன்னும் முடியவில்லை.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், வலிக்குப் பயந்து சிலர் ஸ்டாட்டினையே தூக்கி எறிந்துவிட்டு கியூ-10-ஐ மட்டும் பிடித்துக் கொள்வதுதான். அது மாரடைப்புக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் வேலை. வலி இருந்தால் டாக்டரிடம் சொன்னால் போதும். அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றுவார்.

இவர்கள் உஷாராக இருக்க வேண்டும்

கியூ-10 பெரிய விஷம் எல்லாம் இல்லை. சிலருக்கு வயிற்றைப் புரட்டும், சிலருக்குத் தூக்கம் வராது. அவ்வளவுதான்.

ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ‘வார்பாரின்’ மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு. செயற்கை வால்வு பொருத்தியவர்கள் இதில் முக்கியமானவர்கள். கியூ-10-ன் அமைப்பு ‘கே’ வைட்டமினைப்போல இருப்பதால், வார்பாரினின் வேகத்தை அது குறைக்கக்கூடும். அப்படி நடந்தால் ரத்தம் கட்டியாகிவிடும் அபாயம் உண்டு. ஆகவே இவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டில் ஊட்டப் பொருள் என்று விற்கப்படும் சரக்குக்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். அதன்படி பெட்டியிலேயே “மருத்துவ உபயோகத்துக்கு அல்ல” என்று அச்சடிக்க வேண்டும். படம் பெரிதாக இருக்கும். இந்த வரி ஆங்கிலத்தில் எங்காவது ஒரு பக்கத்தில் இருக்கும். வாங்குகிறவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், விற்கிறவரே உண்மையை ஒத்துக்கொண்டு இருப்பது தெரியும்!

களைப்புக்கு உண்மைக் காரணம் என்ன?

இந்த மாத்திரையைத் தேடிப் போகிறவர்களில் பலர் இதய நோயாளிகள் அல்ல. சும்மா களைப்பாக இருக்கிறது என்று போகிறவர்கள்தான். காலை 7 மணிக்கு ரயில், ராத்திரி 9 மணிக்கு வீடு, நடுவில் 4 டீ. உடம்பு அசந்து போகாமல் என்ன செய்யும்?

தூக்கம் போதவில்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ரத்த சோகை. 2019 - 2021 காலத்தில் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை இருக்கிறது. அதாவது பாதிக்கு மேல்!

ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லை என்றால் செல்லுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. ஆக்சிஜன் இல்லாத மின்சார நிலையத்தில் எத்தனை போர்ட்டர் நின்று என்ன பிரயோசனம்? இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு சில நூறு ரூபாய் அட்டையை வாங்குவது, வீட்டுக் கிணற்றை மூடிவிட்டு லாரித் தண்ணீர் வாங்குவது மாதிரி.

தைராய்டு கோளாறு, சர்க்கரை நோய், காசநோய் எல்லாமே முதலில் களைப்பாகத்தான் தலை காட்டும். மாத்திரை போட்டுக்கொண்டு “சரியாகிவிடும்” என்று 3 மாதம் காத்திருந்தால், நோய் அந்த 3 மாதமும் சும்மா இருக்காது. காசு போவதைவிட இந்த நாள்கள் போவதுதான் பெரிய நஷ்டம்.

என்ன செய்யலாம்?

ஒரு மாதத்துக்கு மேல் களைப்பு தீரவில்லை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடலாம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரிய செலவு இல்லை. எடை குறைந்தாலோ, மாலையில் காய்ச்சல் அடித்தாலோ, இருமல் நிற்காவிட்டாலோ ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் கியூ-10 பற்றித் தங்கள் டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். அவர் சரி என்றால் மற்ற மருந்துகளுடன் சேர்த்துச் சாப்பிடலாம். மற்றவற்றுக்குப் பதிலாக அல்ல. இது எண்ணெயில் கரையும் பொருள். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேருவது குறைவு. சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

ஒரு நோயும் இல்லாதவர்களுக்கு மத்தி மீன், ஈரல், கோழி, நிலக்கடலை, எள் ஆகியவற்றில் இருந்தே தினமும் சில மில்லிகிராம் கியூ-10 கிடைத்துவிடுகிறது. மீதியை உடம்பே தயாரித்துக் கொள்கிறது. அந்தத் தயாரிப்புக்கு அது யாரிடமும் பில் கேட்பது இல்லை.